மூத்திர மிஸ்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ரொஷேல் குடியிருக்கிறாள். அந்தத் தொடர்மாடியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மூத்திர மிஸ். வைத்தவர் நாலாம் மாடி யோகேஸ்வரி அன்ரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. லிஃப்டில் அவளோடு ஏற நேர்ந்தால் மட்டும் அன்ரியின் சேலைத் தலைப்பு மெல்ல மூக்குப் பக்கம் போகும். ரொஷேல் காலையில் குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத பருத்திச் சட்டையோடு வேலைக்குப் போகிறவள். அவளிடம் சவர்க்கார வாசம் தவிர வேறொன்றும் கிடையாது. ஆனாலும் அவள் எதை ஆராய்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அன்ரிக்கு அவளைக் கண்டாலே நாறத் தொடங்கிவிட்டது.

தெரிய வந்தது ஒரு கலியாணப் பேச்சில். அப்போது ரொஷேலுக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்கிசையிலிருந்து ஒரு குடும்பத்தை அன்ரியே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் பற்றீஸைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை என்ன ரிசேர்ச் செய்யிறீங்க?"

"பிள்ளை பெத்த பிறகு மூத்திரத்தை அடக்க ஏலாமப் போற பொம்பிளையளைப் பற்றி, அன்ரி."

கடித்த பற்றீஸ் திரும்பப் பீரிசுக்கே வந்துவிட்டது. அதற்குமேல் யாரும் எதையும் சாப்பிடவில்லை. அவர்கள் போன பிறகு ரொஷேலின் தாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பெண்கள் சுகாதாரம் எண்டு சொல்லிட்டு விட்டிருக்கலாம்தானே? அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையில சொல்லோணுமா?"

"கேட்டாங்க, சொன்னேன் மம்மி. அந்த மனிசி இருந்த கொஞ்ச நேரத்துக்குள்ள ரெண்டு தரம் பாத்ரூம் எங்க எண்டு கேட்டவ. அதைக் கவனிச்சீங்களா?"

தாய் கவனிக்கவில்லை. கவனிப்பது ரொஷேலின் தொழில்.

அவள் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து காலமானவர். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் முடித்து, தாய்மார் நலத்தை ஆராயும் ஒரு நிலையத்தில் கீழ்மட்ட உதவியாளராகச் சேர்ந்தாள். அப்போது அங்கே தாய் இறப்பு பற்றித்தான் ஆய்வு நடந்தது. பிரசவத்தில் இறந்துபோன பெண்களின் வீடுகளுக்கும், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய பெண்களின் வீடுகளுக்கும் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை.

கொட்டாஞ்சேனையிலேயே, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு வத்தையில், அப்படித் திரும்பி வந்த ஒரு பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதில் சொன்னாள். கேள்விகள் நீண்டன. கால் மாற்றி மாற்றி நின்றாள். ரொஷேலுக்குச் சங்கடமாக இருந்தது. "இருந்து கதைப்பமே" என்று பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அவளுக்குக் கதிரை குடுக்காதீங்க மிஸ். பிறகு நாங்க இருக்கேலாது. நாறும்."

அந்தப் பெண் சிரித்தாள். ஆம், சிரித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. மாமியாரின் வார்த்தையைவிட அந்தச் சிரிப்புத்தான் ரொஷேலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கையிலிருந்த கேள்விகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெண் சாகவில்லை. ஆகவே ஆய்வின்படி அவள் வெற்றிக் கணக்கில் சேர்ந்தவள்.

அன்றிலிருந்து ரொஷேல் போகிற வீடெல்லாம் ஒரு கேள்வியைத் தானாகச் சேர்த்துக் கேட்டாள். இருமும்போது, சிரிக்கும்போது, பாரம் தூக்கும்போது நனைகிறதா? முதலில் எல்லோரும் இல்லை என்பார்கள். ரொஷேல் எழுந்து செருப்பைப் போடும்போது, "மிஸ், ஒரு விஷயம்" என்பார்கள். அவள் நினைத்ததைவிட அதிகம் பேர்.

நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் ஹியூபேட். நறுமணம் கமழும் மனிதர். கைக்குட்டைகூட மணக்கும். ஒவ்வொரு வருடமும் ரொஷேல் அவரிடம் போய் இதற்கென்று ஓர் ஆய்வு வேண்டும் என்று கேட்பாள். ஒவ்வொரு வருடமும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொல்லுவார்.

"நல்ல விஷயம்தான் ரொஷேல். ஆனா இதில ஒருத்தரும் சாகிறேல்லையே. சாவு இல்லாத இடத்துக்கு ஒருத்தனும் ஃபண்ட் தரமாட்டான்."

தாய் இறப்புக் குறைந்த நாடு என்று அவர் மேடைக்கு மேடை பெருமையாகப் பேசுகிறவர். உண்மைதான். சாகவில்லை. சாகாமல் பாயில் படுக்க விடப்படாதவர்களையும், பஸ்ஸில் சீற் இருந்தும் உட்காராதவர்களையும், மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தவர்களையும் பற்றி அந்த மேடைகளில் யாரும் பேசவில்லை. ரொஷேல் மேடைக்குக் கீழே இருந்து கைதட்டல்களைக் கேட்பாள். வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கும்.

பதினைந்து வருடம் இப்படிப் போனது. இடையில் இதைப் பற்றியே எழுதிக் கலாநிதிப் பட்டம் எடுத்தாள். கலியாணம் நடக்கவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு சிறிய வெளிநாட்டு அமைப்பு அவள் கேட்ட ஆய்வுக்குச் சம்மதித்தது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பெண்களைச் சந்தித்து, எத்தனை பேருக்கு இந்த வருத்தம், இடுப்படித் தசைகளை இறுக்கும் பயிற்சியால் எவ்வளவு குணமாகிறது என்று பார்ப்பது. ஸும்றா என்ற பிசியோதெரபிஸ்ட் அவளோடு சேர்ந்தாள். கலகலப்பான பிள்ளை. "பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் செய்ங்க, சோறு வடிக்கிற நேரம் செய்ங்க, மாமி ஏசுற நேரம் நல்லா இறுக்கிப் பிடிங்க" என்று அவள் சொல்லிக்கொடுக்கிற விதத்தில் பெண்கள் வெட்கத்தை மறந்துவிடுவார்கள்.

மயிலம்மா அப்படித்தான் வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனை வத்தையொன்றுக்கு வந்தவள். புருஷன் கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் மூட்டை தூக்கினான். அவள் விடிய முன் எழும்பி இடியப்பம் அவித்துச் சந்தியிலிருந்த ஸவாஹிர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பாள். மூன்றாவது பிள்ளை எடை கூடிய பிள்ளை; பிரசவம் இழுத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு கர்ப்பப்பை கீழிறங்கி, அசைந்தால் நனையும் நிலை. வைத்தியசாலையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிள்ளை பெத்தால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

"உரலப் புடிச்சு அமுக்கும்போதுதாங்க மிஸ் வருது" என்றாள் மயிலம்மா. "ஒவ்வொரு தட்டுக்கும் வருது. பழைய சாரத்தத் துண்டு துண்டாக் கிழிச்சு வச்சிருக்கேன். கைய மட்டும் தோலு உரியிற மாதிரி கழுவிக்குவேன். யாருக்கும் தெரியாது மிஸ். தெரிஞ்சா ஏங் கையால யாரு திம்பா?"

"யாருக்கும் தெரியவராது. உங்கட பேரும் வராது, முகமும் வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் ரொஷேல்.

ஆய்வு முடிந்தது. பயிற்சியால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. மயிலம்மா போன்ற சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்பதும் தெரிந்தது. இதை அரசாங்கத்தின் தாய்மார் கிளினிக்குகளில் சேர்க்கச் சொல்லி ரொஷேல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஹியூபேட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே திலக்ஷன் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெரியவர்கள் நனையாமல் கட்டிக்கொள்ளும் நப்பி செய்யும் கம்பனியொன்றின் விற்பனை அதிகாரி.

"மிஸ், உங்கட ரிசல்ட்ஸ் வாசிச்சு நான் நித்திரை கொள்ளேல்ல" என்றான் அவன். கண் மின்னியது. "இவ்வளவு பேரா! ஒருத்தனும் கை வைக்காத மார்க்கெட் மிஸ் இது. வெட்கப்படுற சனம் விலை பேசாது."

ரொஷேல் அவனை ஒரு கணம் பார்த்தாள். சாப்பாட்டில் கிடக்கும் மயிரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இது குணமாகிற வருத்தம், தம்பி. நப்பி கட்டினா குணமாகாது. நீங்க அவையளைச் சாகும்வரைக்கும் நனைஞ்சபடி வச்சிருக்கப் பாக்கிறீங்க."

"ரெண்டும் சேர்ந்து போகலாம்தானே, ரொஷேல்" என்றார் ஹியூபேட். "அடுத்த ஆய்வுக்கு இவரின்ர கம்பனி உதவத் தயார்."

"எனக்கு வேண்டாம் சேர்."

வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று நினைத்தாள். அடுத்த கிழமை மன்னாருக்கு வேறொரு வேலையாகப் போனாள். திரும்பி வர ஒரு மாதமாயிற்று.

வந்த அன்று, பயணப் பையோடு லிஃப்டுக்குள் நுழைந்தாள். யோகேஸ்வரி அன்ரி ஏற்கெனவே உள்ளே இருந்தார். இந்தத் தடவை சேலைத் தலைப்பு மூக்குக்குப் போகவில்லை. அன்ரி போனை நீட்டினார். "இது உங்கட வேலைதானே பிள்ளை? பேஸ்புக் முழுக்க இதுதான். எங்கட மகள் கனடாவில இருந்து அனுப்பினவ. நல்லா எடுத்திருக்கினம்."

திரையில் ஒரு விளம்பரம். முகத்தைப் புகையாக மறைத்த ஒரு பெண் அடுப்பருகே குந்தியிருந்தாள். கைகள் இடியப்ப உரலைப் பிடித்து அமுக்கின. நீலக் கதவு. பக்கத்தில் அடுக்கிய தட்டுகள். "உரலப் புடிச்சு அமுக்கும்போதுதாங்க வருது" என்றது குரல். அதன்பின் வெள்ளைச் சுடிதார் போட்ட ஒரு நடிகை துள்ளி வந்து நப்பிப் பொதியைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துச் சிரித்தாள்.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ நாற்றங்களுக்கு நடுவே முகம் சுளிக்காமல் தேத்தண்ணி குடித்தவள் ரொஷேல். அன்று லிஃப்டுக்குள் அவளுடைய கை மூக்கைப் பொத்தியது. இரண்டாம் மாடியில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டாள்.

அடுத்த நாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் போனாள். மயிலம்மா வீட்டு வாசலில் இடியப்பத் தட்டுகள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. வாங்க மிஸ் என்று அவள் சொல்லவில்லை.

"ரொஷேல் மிஸ் அனுப்புன ஆளுங்கன்னு சொன்னாங்க. அதான் கதவத் தொறந்தேன். ஆஸ்பத்திரியில காட்டுறதுக்கு எடுக்கிறோம்னாங்க. கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

"நான் அனுப்பேல்ல மயிலம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்ப எங்க வீடு அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு? நான் ஒங்ககிட்ட சொன்னது அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

மயிலம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"மூஞ்சிய மறைச்சாங்க. கைய மறைக்கலியே மிஸ். இந்த வத்தையில ஏங் கையத் தெரியாதவங்க யாரு இருக்கா?"

பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு கடந்து போனாள். மயிலம்மாவின் வாசலுக்கு வந்ததும் எட்டி அடிவைத்துத் தாண்டினாள். அங்கே தரை காய்ந்துதான் கிடந்தது.

அங்கிருந்து ஸவாஹிர் நானாவின் கடைக்குப் போனாள் ரொஷேல். அவர் கல்லாவை விட்டு எழும்பி வந்து மரியாதையாகப் பேசினார்.

"எனக்கு வெளங்குது மிஸ். அது கையால ஒட்டுற நோவு இல்ல. நான் எத்தின வருஷமா அவட இடியப்பம் திண்ட. எனக்கு ஒண்டும் ஆகல்ல. ஆனா அண்டைக்கு ஒரு ஆள் வாயில வச்சதத் துப்பிட்டு எழும்பிப் போன. தட்டப் பாத்து மூக்கச் சுளிக்கிற ஆக்களுக்கு நான் எப்பிடித் திண்ணக் குடுக்கிற? இந்தக் கடைய நம்பிக் குடும்பங்கள் ஈக்கிதே."

அவர் பேசிக்கொண்டிருக்கையில் ரொஷேலின் கண் வெளியே போனது. கடையின் பக்கச் சுவரில், இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்று சிங்களத்தில் எழுதியிருந்த இடத்தில், ஒருவன் சாவகாசமாக நின்று பெய்துகொண்டிருந்தான். ஓடை நடைபாதை வரைக்கும் வந்தது. முடித்துவிட்டுச் சாரத்தில் கையைத் துடைத்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான். "நானா, இடியப்பம். நல்ல இடத்து இடியப்பம்தானே?" என்று கேட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

ரொஷேல் வெளியே வந்தாள்.

ஹியூபேட்டின் அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"முகம் மறைச்சிருக்கு. கையெழுத்து இருக்கு. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை."

"வீட்டு விலாசத்தை அவையளுக்குக் குடுத்தது நீங்கதான். நான் வாக்குக் குடுத்தனான் சேர்."

"நீர் குடுத்த வாக்கு. நிலையம் குடுத்ததில்லை." கண்ணாடியைத் துடைத்தார். "அதை விடும். வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல அறிக்கை வெளியீடு. நீர்தான் பேசப்போறீர். ஒரு சின்ன விஷயம். ஸ்லைட்ல மூத்திரம் எண்டு போட்டிருக்கிறீர். அதை மட்டும் மாத்தும். சாப்பாட்டுக்கு முதல் வாற பேச்சு. சனத்துக்கு அருவருப்பாயிருக்கும்."

வெள்ளிக்கிழமை ரொஷேல் போனாள். ஹோட்டல் மண்டபத்தில் ஒவ்வோர் இருக்கையிலும் இளஞ்சிவப்பு நாடா கட்டிய நப்பிப் பொதி வைத்திருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் அதை இரண்டு விரலால் தூக்கிக் கீழே வைத்து, சப்பாத்து நுனியால் மேசைக்கடியில் தள்ளினார்கள். ஒருவரையொருவர் பார்த்து முறுவலித்துக்கொண்டார்கள். திலக்ஷன் முன்வரிசையில் இருந்து போனில் படம் எடுத்தான். இவர்கள்தான் இத்தனை காலம் தன் அறிக்கைகளைப் படித்துத் தலையாட்டியவர்கள் என்று ரொஷேலுக்குத் தோன்றியது.

பெயர் கூப்பிட்டதும் மேடையேறினாள். ஸ்லைடைப் போடவில்லை.

"இந்த விளம்பரத்தில வாற பெண்ணை என்ர பெயரைச் சொல்லி ஏமாத்தி எடுத்திருக்கினம். அவவின்ர பிழைப்புப் போய்ட்டுது. அதை நிப்பாட்டும்வரைக்கும் இந்த அறிக்கையில என்ர பெயர் இருக்காது. பேச எனக்கு வேற ஒண்டும் இல்லை."

இறங்கி நடந்தாள். பின்னால் ஹியூபேட்டின் இனிமையான குரல், ரொஷேலுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, மன்னிக்கோணும் என்று சொல்வது கேட்டது. அவளுடைய ஸ்லைடுகளை அவரே வாசித்தார் என்று ஸும்றா பிறகு சொன்னாள். மூத்திரம் என்றிருந்த இடமெல்லாம் நீர்க்கசிவு ஆகியிருந்ததாம். சாப்பாடும் நேரத்துக்கு வந்ததாம்.

ரொஷேல் ஒழுக்காற்றுக் குழுவுக்கு முறைப்பாடு எழுதினாள். குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. அதற்குள் கம்பனியின் பிரச்சாரக் காலம் முடிந்து விளம்பரம் தானாக நின்றுபோனது. ஆகவே முறைப்பாட்டுக்கு இனி அவசியமில்லை என்று குழு முடிவு செய்தது. ரொஷேல் வேலையை விட்டாள். ஹியூபேட் இப்போதும் மேடைகளில் இருக்கிறார். பெண்களின் மௌனத்தைக் கலைத்த ஆய்வு என்று அதை அவர் சொல்லும்போது கைதட்டுகிறார்கள்.

மயிலம்மாவுக்கு ஒன்று மட்டும் நடந்தது. ஸும்றா விடாப்பிடியாக அலைந்து, தனக்குத் தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்கில் அவளைக் காட்டினாள். மாதக்கணக்கில் காத்திருந்து சத்திரசிகிச்சை ஆனது. நன்றாகவே ஆனது. ரொஷேல் தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வார்ட்டுக்குப் போனாள். மயிலம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரிப்பு காய்ந்திருந்தது.

"எப்பிடி இருக்கு மயிலம்மா?"

"நல்லாருக்கு மிஸ். இருமிப் பாத்தேன். ஒண்ணுமே வரல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். "நாங்க வீடு மாறுறோம். கல்கிசைப் பக்கம். அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எங்கன்னு ஒங்களுக்குச் சொல்லப் போறதில்ல."

"சரி."

"ஒங்க மேல கோவமில்ல மிஸ். நீங்க நல்லவங்கதான். ஆனா ஒங்களப் பாத்தா எனக்கு அந்த நாத்தம் திரும்பி வருது. இனிமே வராதீங்க."

ரொஷேல் தலையாட்டினாள். கொண்டுபோன பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். மருதானைப் பாலத்தில் ஏறி வெகுநேரம் நடந்ததாகவும், ஏன் நடக்கிறோம் என்றே தெரியாமல் நடந்ததாகவும் ஸும்றாவிடம் சொன்னாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அழுதாளா என்றும் தெரியாது.

இப்போது அவள் வெள்ளவத்தையில் மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் ரியூஷன் கொடுக்கிறாள். சனிக்கிழமைகளில் கொச்சிக்கடையில் ஒரு பழைய மண்டபத்தில் ஸும்றாவோடு சேர்ந்து பெண்களுக்குப் பயிற்சி நடத்துகிறாள். யாரிடமும் பெயர் கேட்பதில்லை, யாரைப் பற்றியும் எதையும் எழுதிக்கொள்வதில்லை. மண்டபத்துக்குப் பொறுப்பான எட்வேட் அங்கிள் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை போட்டார்.

"மகள், வாசல்ல அந்தச் சொல்லைப் போடவேண்டாம். இது கலியாணமும் நடக்கிற இடம். பெண்கள் உடற்பயிற்சி எண்டு போடுவமே."

ஒரு காலத்தில் ரொஷேல் இதற்குச் சண்டை பிடித்திருப்பாள். அன்று ஒப்புக்கொண்டாள். அந்தச் சொல் வாசலில் இருந்திருந்தால் ஒருத்திகூட உள்ளே வந்திருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் கசப்பு.

பெண்கள் வருகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கார் வைத்திருக்கிற ஒருத்தியும் எப்போதாவது, காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு. போன கிழமை ஸும்றா சொன்ன ஏதோ பகிடிக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் ஒருத்திக்குக் கசிந்துவிட்டது. "ஐயோ, எனக்குப் போச்சு" என்று அவளே சத்தமாகச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். ரொஷேல் வாளியும் துணியும் எடுத்துவந்தாள். நனைந்தவள் அவளைத் துடைக்க விடவில்லை. தானே துடைத்துவிட்டு, வாளியைக் கழுவி வைத்துவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் போய்ப் படுத்துக் கால்களை மடக்கிக்கொண்டாள்.